சூசை அண்ணை வீட்டு ஜெனரல்

மானிப்பாயில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் குருநகரிலிருந்து சூசை அண்ணையின் மகள் மேரி தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா விடிய எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றாள். நான் வாய் திறக்குமுன்னே, "ஜெனரலுக்கு மெழுகுதிரி இன்னும் வாங்கேல்லையாம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவர். அதுதான் கடைசிக் கதை" என்றாள். றோட்டென்றும் பாராமல் சிரித்துவிட்டேன். கண் கலங்கியது அதற்குப் பிறகுதான்.

சூசை அண்ணையை அறிந்த உங்களுக்கு ஜெனரலையும் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் படை நடத்திப் பதக்கங்கள் வாங்கிய வெள்ளைக்காரர். ஓய்வுபெற்றபின் குருநகர்க் கரையில் வீடெடுத்துத் தங்கி, இங்கேயே கண்ணை மூடியவர். போர்க்கதை கேட்டால் சூசை அண்ணை இதைத்தான் சொல்லுவார்: "யப்பான்காரனுக்குப் பயப்பிடாத மனிசன், எங்கடை ஐயாவின்ரை வள்ளத்திலை ஏறின முதல்நாளே சத்தி எடுத்துச் சுருண்டு கிடந்தவர். அடுத்தநாளும் வந்தார் பார் தம்பி, அதுதான் வீரம்." சொல்லும் ஒவ்வொரு தடவையும் அலை ஒரு முழம் உயரும்.

ஜெனரல் இறந்தபோது உறவென்று யாரும் வரவில்லை. சூசை அண்ணையின் தகப்பனார் பங்குச் சுவாமியாரிடம் மன்றாடி, சேமக்காலையில் தங்கள் குடும்பக் கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு சூசை அண்ணை பொறுப்பெடுத்தார். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற்தான் ஜெனரலின் கல்லறைக்கும். அந்த நிறத்தைப் பார்த்து நாங்கள் பண்ணாத கேலியில்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஜெனரலின் பேத்தி லண்டனிலிருந்து வந்தார். நரைத்த தலை, கையில் அனுமதிக் கடிதங்கள். எலும்புகளை எடுத்துப்போய்த் தன் பாட்டியின் கல்லறையில் சேர்க்க வேண்டுமாம். தபால் கந்தோரில் வேலை பார்த்த எனக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் வரும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். சூசை அண்ணை அன்று சாப்பிடவேயில்லை. "அவையின்ரை சொந்தம், நான் என்னெண்டு மறிக்கிறது? கல்லறைத் திருநாள் மட்டும் முடியட்டும் எண்டு சொல்லு தம்பி" என்றார்.

கல்லறைமேல் சிலுவையைக் கண்ட பேத்தி, தாத்தா கோயில் பக்கமே போகாதவர் என்றார். நான் தமிழில் சொன்னேன். "ஓம் பிள்ளை, உயிரோடை இருக்கேக்கை கூப்பிடக் கூப்பிட ஓடினவர்தான். இப்ப எங்கை ஓடப்போறார்?" என்றார் சூசை அண்ணை. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் மனம் மாறவில்லை.

மறுநாள் கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வீடும் தன் இறந்தவர்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொடுக்கும். பூசையில் சுவாமியார் வாசிப்பார். சூசை அண்ணை வீட்டுக் கடதாசியை எழுதுவது நான். இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் கிடந்த வருஷம்கூட அதை எழுதுவித்து அங்குள்ள கோயிலில் கொடுத்தவர் அவர். "மரியாம்பிள்ளை, செபமாலை, அந்தோனிப்பிள்ளை, ஜெனரல்" என்று சுவாமியார் வாசித்தார். அவ்வளவு நேரத் தமிழில் என் பக்கத்திலிருந்த பேத்திக்கு விளங்கியது அந்த ஒரு சொல்தான். இது யாருடைய குடும்பம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். முன்னால் முழங்காலில் நின்ற சூசை அண்ணையைக் காட்டினேன்.

பூசை முடிந்ததும் அவரிடம் போய், "தாத்தா தன் வீட்டாரோடேயே இருக்கட்டும்" என்றார் பேத்தி. நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, சூசை அண்ணை சின்னப்பிள்ளைபோல விம்மத் தொடங்கிவிட்டார். அன்று அவர் வீட்டில் கூழ். உறைப்பில் மூக்கு வடிய வடிய மூன்று கோப்பை குடித்துவிட்டுத்தான் பேத்தி எழும்பினார்.

சூசை அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடதாசி எழுதும் வேலை. அதை நான் யாருக்கும் விடமாட்டேன். "அப்பாவின்ரை பெயரை எங்கை எழுதுறது மாமா, கடைசியிலையோ?" என்று மேரி கேட்டாள். கடைசி இடம் ஜெனரலுக்கு. பட்டாளத்துக்காரன் பின்னால் நின்று காவல் பார்க்கட்டும் என்று சூசை அண்ணை வைத்த ஒழுங்கு அது. அவர் பெயரை ஜெனரலுக்கு முன்னால் எழுதினேன். ஐம்பது வருஷமாக அந்த மனிதரைக் காவல் காத்தவர் சூசை அண்ணை. இனி ஜெனரலின் முறை.