மேசையைத் துடைத்தது யார்?

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், என் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க முகப்பவுடரைத் தூவி வைத்துவிட்டுப் போனேன்.

சிரிக்காதீர்கள். சந்தேகம் வந்துவிட்டால் வேறு என்னதான் செய்வது? கேமரா வாங்கலாம். ஆனால் அதை என் வீட்டுக்காரர்தான் பொருத்த வேண்டும். என் சந்தேகமே அவர் மேல்தான். அப்புறம் எப்படி?

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சைக் கிளி. கூண்டிலேயே பொரிந்து கூண்டிலேயே வளர்ந்த சாதி. குவாந்தானுக்கு மாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவர், புது வீட்டில் பிராணி எதுவும் வைக்கக்கூடாதாம் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெயர், துரை. நான் வைத்ததுதான். வந்த அன்றே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று பார்த்தது. எதுவுமே திருப்தியில்லை என்பது போல் ஒரு கத்து கத்தியது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் குடியிருக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

துரைக்கு ஒரு விளையாட்டு ஸ்டாண்டு உண்டு. தோட்டத்தில் மறுநடவு செய்யும்போது பழைய தேயிலைச் செடிகளைத் தூரோடு பிடுங்கிப் போடுவார்கள். கிளையெல்லாம் முறுக்கிக்கொண்டு பார்க்க அழகாக இருக்கும். என் வீட்டுக்காரர் கணேசன் அதில் ஒன்றைத் தூக்கி வந்தார். தேய்த்துக் கழுவினார். வெயிலில் காயவைத்தார் – எங்கள் ஊரில் வெயில் என்பது மூடுபனி கொஞ்சம் இளைப்பாறப் போகும் நேரம். அடியில் பலகை அடித்து, மணியும் கயிறும் கட்டி, கூடத்து ஜன்னலோரம் நிறுத்தினார். பார்த்தவர்கள் எல்லாம் 'விலைக்குக் கொடுப்பீங்களா?' என்று கேட்டார்கள்.

துரை மட்டும் கேட்கவில்லை. அதில் நிற்கவே மாட்டேன் என்றது.

கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பாடம் சுலபம்தான். ஸ்டாண்டில் நின்றால் ஒரு கடலை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் இன்னொரு கடலை. பறந்து போனால் கத்தக் கூடாது, கொஞ்சக் கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. பேசாமல் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி ஸ்டாண்டில் விட வேண்டும். நல்ல தீனி ஸ்டாண்டில்தான் கிடைக்கும் என்று பறவைக்குப் புரிய வேண்டும். அவ்வளவே.

சனிக்கிழமை நின்றது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் நன்றாக நின்றது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஸ்டாண்டில் விட்டேன்... விர்ரென்று சமையலறைக்குப் பறந்து சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது. செவ்வாயும் அப்படி. வெள்ளி வரைக்கும் அப்படி. அடுத்த சனி, ஞாயிறு மறுபடி சமத்து. திங்கள் வந்தால் மறுபடி மேசை!

நான் இல்லாத நேரத்தில் யாரோ என் பாடத்தை அழிக்கிறார்கள் என்றுதானே தோன்றும்? நீங்களே சொல்லுங்கள்.

இது விளையாட்டாகவே இருந்திருக்கும்... ஒரு வெள்ளிக்கிழமை அந்த பஜ்ஜி மட்டும் நடக்காமல் இருந்திருந்தால். எங்கள் சாப்பாட்டு மேசை அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குவாலி என்கிற வாணலியில் எண்ணெய் கொதிக்கிறது, நான் வாழைக்காயை மாவில் தோய்த்துக்கொண்டிருக்கிறேன். துரை ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, நேராக அந்த எண்ணெய்க்கு மேலாகவே பறந்து மேசைக்குப் போனது. ஒரு கை தாழப் பறந்திருந்தால்? கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டேன்.

கணேசன் ஓடிவந்து பார்த்தார். "ஏம்மா, இது கிளியா, ட்ரோனா? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அந்தக் கம்புல நிக்கலன்னா சிவாகிட்ட குடுத்துருவோம். இது என்னைக்காவது எண்ணெய்ல விழுந்து செத்தா, அப்பறம் நீ மூனு மாசம் அழுவ. அத யாரு தாங்குறது?"

சிவா அவருடைய கூட்டாளி. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். துரையைப் பார்த்த நாளிலிருந்து 'குடுத்துருங்கக்கா, நான் ஜாகா பாக்குறேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர். ஜாகா பார்ப்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. காவல் இருந்து கவனித்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளாக அவருடைய லோரி எங்கள் வாசலில் நிற்கிறது, ஒரு மூட்டை முட்டைக்கோஸ் இறங்குகிறது. பணம் கொடுத்தால் வாங்குவதில்லை.

இந்தக் காலத்தில் யார் சும்மா கோஸ் கொடுக்கிறார்கள்?

"என்னங்க, சிவாகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டீங்களா?"

"என்னத்த?"

"கிளியத் தர்றேன்னு."

"கோஸ் அவருக்கு அதிகமா வெளஞ்சிருக்கு, குடுக்குறாரு. நீ கோஸுக்கும் கிளிக்கும் கல்யாணம் பண்ணி வைக்காத."

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. முன்கூட்டியே தயாராக இருந்த பதில் மாதிரி. அதனால்தான் பவுடர். மத்தியானம் இவர் வேலைக்கு நடுவில் வீட்டுக்கு வந்து, துரையை மேசையில் விட்டு ஊட்டி, ஸ்டாண்டைக் கெடுக்கிறாரோ? கால்தடமோ கைத்தடமோ மாட்டாமலா போய்விடும்?

சாயங்காலம் ஓடிவந்து பார்த்தேன். தடம் ஒன்றுமில்லை.

பவுடரும் இல்லை! மேசை பளபளவென்று இருந்தது. சோப்பு வாசனை அடித்தது. நான் விட்டுப் போனதைவிடச் சுத்தம். நாற்காலிக்கு அடியில் கடலைத் தோல் கொஞ்சம், ஒரு சின்னப் பச்சை இறகு.

கணேசனை அந்த நிமிடமே விடுதலை செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு மேசையைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். எங்கள் வீட்டுச் சாவி இன்னொருவரிடமும் உண்டு – பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா. வெகுகாலம் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். முட்டி தேய்ந்துபோய் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். நாங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில், குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் கிடந்தபோது, யாரென்றே தெரியாத எனக்கு மிளகு ரசம் கொண்டுவந்தவர். அதுவரை நான் அவருக்குக் 'கிராணியம்மா'. ஆபிசில் எழுதுகிற வேலை பார்க்கிறவர்களைத் தோட்டத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். ரசத்துக்குப் பிறகு நான் 'தங்கச்சி'.

வேலை நாளெல்லாம் மத்தியானம் அக்கா வந்து கூண்டைத் திறப்பார். நான் அவரிடம் சொன்னது இரண்டே விஷயம். துரையை ஸ்டாண்டில் விடுங்கள். எடுத்து வைத்திருக்கும் கடலையைக் கொடுங்கள். கூண்டும் கூடத்தில், ஸ்டாண்டும் கூடத்தில். சமையலறை மேசையில் அக்காவுக்கு என்ன வேலை?

அன்று சாயங்காலமே வேலியோரம் நின்று பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, மத்தியானத்துல தொரை எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன தங்கச்சி, ராசா! கூண்டத் தொறந்தா எங்கிட்ட ஓடியாந்துருவான்லா."

"ஸ்டாண்டுல விடுறீங்கல்ல?"

"விடாம? நீ சொன்ன மாதிரியே விடுறேன்."

"கடலை?"

"நீ வச்ச கடலதான். என்ன தங்கச்சி, போலீசு கேக்குற மாதிரி கேக்குற?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் 'எங்கிட்ட ஓடியாந்துருவான்' என்ற அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அக்கா துரையைத் தன் பக்கம் இழுக்கிறாரோ? ஒருவேளை சிவாவின் கோஸ் அந்த வீட்டுக்கும் போகிறதோ? பாருங்கள், சந்தேகம் வந்தால் முட்டைக்கோஸ்கூட எவ்வளவு தூரம் உருளுகிறது!

புதன்கிழமை காலை போய்க் கேட்டேன். "அக்கா, அந்தச் சாவி... வீட்டுக்காரரு இன்னொன்னு அடிக்கணுங்கறாரு. அதான்..."

அக்கா என்னையே பார்த்தார். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். அது தொலைந்துவிடக் கூடாது என்று அவரே கட்டியிருந்த சிவப்பு நூல் அதில் இருந்தது. கைலியில் ஒருமுறை துடைத்து நீட்டினார்.

"இந்தாங்க கிராணியம்மா."

அவ்வளவுதான் சொன்னார். கதவைச் சாத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் தானா ராத்தாவில் இருக்கிற ஆபிசுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அந்தக் 'கிராணியம்மா'தான்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூண்டைத் திறந்தேன். துரை ஸ்டாண்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறை மேசை. போய் உட்கார்ந்து, என்னைப் பார்த்து... ஒரு காலைத் தூக்கிக் காட்டியது.

அடிபட்டுவிட்டதோ என்று பயந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கடலையை நீட்டினேன். வாங்கவில்லை. அந்தக் காலை இறக்கிவிட்டு மற்றக் காலைத் தூக்கியது. மறுபடி கடலை. மறுபடி கால். எனக்குப் புரியாத ஏதோ ஒரு மரியாதையை எதிர்பார்க்கிற மாதிரி ஒரு பார்வை வேறு!

இதற்கு அர்த்தம் தெரிந்தவர் ஊரிலேயே ஒருவர்தான். துரையைக் கூண்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வேறு வழி?

"அக்கா, இவன் காலத் தூக்கித் தூக்கிக் காட்டுறான். சாப்புட மாட்டேங்கறான்."

அக்கா வேகமாக எழுந்தார். "ஐயோ, காலத் தொடச்சு விடலியா?" கைக்குட்டையை நனைத்து வந்து உட்கார்ந்தார். கூண்டைத் திறந்ததும் துரை அவர் மடிக்குத் தாவியது, காலைத் தூக்கியது. அக்கா ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மற்றக் கால். பிறகுதான் கடலை. துரை வாங்கிக் கடித்தது.

"ஸ்டாண்டுலயே குடுக்கலாம்லக்கா?" என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது.

"அந்தக் கம்புலயா? அது தேயிலச் செடிலா!" அக்கா நிமிர்ந்தார். "நாங்க அம்புட்டு வருசம் கொழுந்து எடுத்துருக்கோம். நிரையில நின்னு ஒரு வாய் தின்னதில்ல. மருந்து அடிச்ச செடி. ரோட்டுக்கு ஏறி வந்து, கைகாலக் களுவித்தான் சோத்துப் பொட்டலத்தத் தொறப்போம். மறந்து தின்னவ ஒருத்தி, என் பக்கத்து நிரைக்காரி, வாந்தி எடுத்தே துவண்டு போனா. லோரியில தூக்கிப் போட்டுக் கொண்டு போனோம். பொழச்சுக்கிட்டா... ஆனா நான் அத மறக்கல. இந்தப் பச்சப்புள்ளய தேயிலத் தூருல நிக்க வச்சு ஊட்டச் சொல்றீங்களா?"

நான் கேட்ட இரண்டையும் அக்கா செய்திருக்கிறார். ஸ்டாண்டில் விட்டார். கடலையும் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில், கொழுந்து எடுக்கிற பெண்கள் நிரையை விட்டு ரோட்டுக்கு ஏறுவது போல, துரையை மேசைக்கு ஏற்றியிருக்கிறார். கால் துடைத்து, ஊட்டி, மேசையையும் துடைத்து, மறுபடி ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். துரையும் தெளிவாகக் கற்றுக்கொண்டிருக்கிறது – அது வேலை செய்கிற இடம், இது சாப்பிடுகிற இடம்.

"மேசையில பவுடரக் கொட்டிட்டு ஓடுறீங்க, இத எங்கிட்ட வாயத் தொறந்து கேக்குறதுக்கென்ன?" என்றார் அக்கா.

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நேராக ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாவியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "ஒங்ககிட்டயே இருக்கட்டும் கிராணியம்மா."

அன்று சாயங்காலம் கணேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் மேலும் சந்தேகம் இருந்தது என்ற இடத்தில் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 'நல்லாத் தேச்சுக் களுவுன தூரும்மா அது' என்று முனகினார். பிறகு ரம்பத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக் கொய்யா மரத்தடிக்குப் போய் நின்றார்.

"அக்கா, எந்தக் கெளய வெட்டட்டும்?"

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒரு கிளையைக் காட்டினார். தேயிலைத் தூரின் தலையை அறுத்துப் போட்டு, கொய்யாக் கிளை ஏறியது. வெள்ளியும் சனியும் சாயங்காலம் அக்கா வந்தார். ஸ்டாண்டிலேயே கால் துடைத்து, ஸ்டாண்டிலேயே கடலை. துரை பழைய ஞாபகத்தில் மேசைக்குப் பறந்தால், அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்தா தின்னு. வராட்டி பட்டினி கெட." சற்று நேரத்தில் துரை தானே திரும்பி வரும். ஆனால் என்னிடம் அக்கா 'தங்கச்சி' என்று சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதக் கடைசி. சிவா வந்தார். லோரியில் கோஸ், கூடவே, புத்தம் புதுக் கூண்டு. கோயில் முடிந்து அக்காவும் வந்தார். கணேசன் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் குவாலியை வைத்தேன். சோதனை என்றால் பஜ்ஜிதானே?

எண்ணெய் காய்ந்தது. துரை கொய்யாக் கிளையில் நின்றபடி சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டியது. இறக்கையை லேசாக விரித்தது. சிவாவின் கை கூண்டுக் கதவில் இருந்தது.

துரை இறக்கையை மடக்கிக்கொண்டது. ஒரு காலைத் தூக்கியது.

அக்கா துடைத்தார். கடலை கொடுத்தார். நான் பஜ்ஜி பொரித்து முடிக்கிறவரை துரை அந்தக் கிளையை விட்டு நகரவில்லை.

"என்னாண்ணே இது, கால் தொடச்சாத்தான் சாப்பாடா?" என்றார் சிவா. "எங்க வீட்டுல எனக்கே இந்தக் கவனிப்பு இல்லலா!"

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றார். "நாளைக்கு மத்தியானம் அவனுக்கு யாரு ஜாகா?"

"நீங்கதாங்க்கா."

"அப்ப சாவியக் குடு தங்கச்சி."

சிவப்பு நூலோடு கொடுத்தேன்.

ஒருவர் நம் வீட்டில் செய்கிற காரியம் புரியவில்லை என்றால், அதற்கு முன் அவர் எங்கே, எப்படி வேலை செய்தார் என்று கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பாதிதான். சிவா பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கூண்டை மட்டும் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டார். 'இருக்கட்டும்ணே, எப்பவாவது ஒதவும்' என்றாராம், கணேசன் சொல்கிறார்.

பவுடர் டப்பாவை நான் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.