வயிற்றுக்குள் குடியிருப்போர்

குற்றாலத்தில் என் கை படாத முதுகு கிடையாது என்றால் அது பொய்யில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டே சொந்த விடுதி கட்டினேன், மாடியோடு. முதலாளியான பிறகும், ஆனிச் சாரலில் அருவி விழுகிற முதல் நாள் ஒருவருக்காவது என் கையால் தேய்த்துவிடாமல் இருந்ததில்லை. எவன் செய்வான்?

அந்தக் கைதான் மடங்கிக்கொண்டது. மாசியில் தொடங்கியது. விடியற்காலையில் விழித்தால் இரண்டு கை விரல்களும் வீங்கி, உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏறினால்தான் கொஞ்சமாவது திறக்கும். சாரலுக்குள் கை விரியுமா, விரியாதா? எனக்கு அது ஒன்றுதான் கவலை.

தென்காசியில் மூட்டு நோய் பார்க்கும் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முடக்குவாதம் என்றார். பக்கத்து ஊரான வடகரைப் பெண். உடம்பின் காவல்காரனே ஆள் தெரியாமல் சொந்த மூட்டை அடிக்கிற நோயாம்.

"அவன் எதுக்கு அடிக்கான்?"

"பல காரணம் இருக்கு ஐயா. நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமி வாழுது. அதுல சிலது அவனைக் கெளப்பி விடுதோன்னு ஆராய்ச்சி பண்ணுதாங்க. இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"இருக்கலாம்."

'லாம்' போட்டுப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. லாம் போட்டவன் எவன் மாடி கட்டியிருக்கிறான்? கிருமி என்றால் விரட்ட வேண்டியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெய் குடித்தேன். அன்று முழுக்கக் கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். மறுநாள் வயிறு காலி. கை அப்படியே மூடிக் கிடந்தது.

"வாசலக் கழுவுனா கூர ஒழுகுறது நிக்குமாக்கும்?" என்றாள் என் மனைவி.

அடுத்த தடவை போய்ச் சொன்னபோது டாக்டரம்மாவும் விடவில்லை. "உங்க விடுதில ஒருத்தன் ரகளை பண்ணுதான்னா எல்லா ரூமையும் காலி பண்ணுவியளா? உள்ள இருக்கதுல நல்லதுதான் ஜாஸ்தி. மாத்திரைய விடாமப் போடுங்க. காயும் பயறும் நல்லாச் சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு விடியற்காலைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. வெளியே இன்னும் இருட்டு. கை திறக்கும்வரை எழ முடியாது. கண்ணை மூடினால் என் வயிற்றுக்குள் இறங்கிவிடுவேன். நீண்ட தாழ்வாரம், கொடியெல்லாம் ஈரத் துண்டு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் முணுமுணுப்பு. நான் பால் குடித்த நாளிலிருந்து பேர் எழுதாமல் தங்கியிருப்பவர்கள். ஒருவர் நான் தின்ற பயற்றை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருப்பார். தாழ்வாரக் கோடியில் எவனோ காவல்காரன் காதில் ஓதுவான். உடனே காவல்காரன் கம்பைத் தூக்கிக்கொண்டு என் விரல்களைப் பார்த்து ஓடுவான். நான் சாவி இல்லாமல், இடுப்பில் துண்டோடு நிற்பேன். ஒருவரும் என்னை முதலாளி என்று திரும்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த முணுமுணுப்பு, தூரத்து அருவி மாதிரி, கேட்கக் கேட்க நன்றாயிருக்கும்.

வைகாசி கடைசியில் விரல்கள் சீக்கிரம் திறக்கத் தொடங்கின. மாத்திரையா, பயறா, உள்ளே இருப்பவர்களா? டாக்டரம்மா மாத்திரை என்றார். மற்றதற்கு மறுபடியும் அதே லாம்.

ஆனியில் அருவி விழுந்தது. விடுதிக்கு வந்தவர்கள் எல்லாரும் குளிக்கப் போயிருந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினேன். விரல்கள் முழுசாக நிமிரவில்லை. அதனால் கை கிண்ணம் போல நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஊரு முதுகெல்லாம் தேச்சியளே, எந்தலை எப்பமாவது கண்ணுல பட்டுச்சா?"

"வாடி. தேய்க்கலாம்."

"லாமா?" என்று சிரித்துக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

நரைத்த முடிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வலது சுண்டுவிரல் மட்டும் மேலேயே நின்றது. அது வரட்டும் என்று மெதுவாகத் தேய்த்தேன்.