மலை ரயில் ஆணையமும் ஒர்லிந்தா மாயெஸும்

மலை ரயில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றுகிறவள் என்றுதான் அகுவா சார்க்கா ஊரில் ஒர்லிந்தா மாயெஸை எல்லோருக்கும் தெரியும். அவள் ரயில் ஆணையத்தின் உறுப்பினர் என்பது அவளுக்கே அடிக்கடி மறந்துவிடும். தண்டவாளத்தை ஒட்டிய ஊர்க்காரர் ஒருவர் ஆணையத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். முன்பிருந்தவர் மகள் வீட்டோடு டெக்சாஸ் போய்விட்டார். ஆளுநர் அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது ஒர்லிந்தா கையெல்லாம் மாவாக நின்றாள். சரி என்று சொல்லிவிட்டாள். எதற்குச் சரி சொன்னோம் என்பது வருஷங்கள் போன பிறகும் அவளுக்கு விளங்கவில்லை.

அந்தப் பழைய நீராவி ரயில் மாநிலத்தின் சொத்து. ஓட்டுவது ஒரு கம்பெனி. பெட்டிகளுக்கு வர்ணம் பூசுவது ரயில் பிரியர்களின் சங்கம். எல்லாவற்றுக்கும் மேலே ஆணையம். மேலே இருந்து என்னதான் செய்கிறது என்று கேட்டால், தலைவர் விட்கம், ஓய்வு பெற்ற பல் டாக்டர், "மேற்பார்வை" என்பார். கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், ஒர்லிந்தா கையைத் தூக்குவாள்.

ஒரு கோடையில் இஞ்சினிலிருந்து பறந்த தீப்பொறி காய்ந்த புல்லில் விழுந்து மலைச்சரிவு பற்றி எரிந்தது. அவளுடைய சித்தி மகன் ஃபிதென்சியோவின் ஆட்டுக் கொட்டகையும், மலைக்கு ஓட்டாமல் விட்டிருந்த கிழட்டு ஆடுகளும் போயின. கம்பெனியைக் கேட்டான், தண்டவாளம் மாநிலத்துடையது என்றார்கள். மாநில அலுவலகத்தைக் கேட்டான். ஆணையத்தைப் பார் என்றார்கள். நேரே ஒர்லிந்தாவின் அடுக்களைக்கு வந்து நின்றான்.

"அக்கா, நீதான ஆணையம்? நான் யாரக் கேக்கணும்னு மட்டும் சொல்லு."

அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவனையே அழைத்துப்போய்ப் பேச வைத்தாள். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு அவன் நடந்ததைச் சொன்னான். விட்கம் நன்றி சொன்னார். விஷயம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதோடு சரி.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆணையத்துக்கே ஆபத்து வந்தது. அதை உண்டாக்கிய சட்டத்துக்கு ஆயுள் குறித்திருந்தார்கள். காலம் முடியும்போது சட்டமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்து, வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்று முடிவுசெய்யும். ஆணையம் போனால் ரயிலும் போய்விடுமா என்று ஊரார் ஒர்லிந்தாவைத் துளைத்தார்கள். அவள் விட்கமைக் கேட்டாள். ரயில் நிற்காது, ஆனால் ஓடவும் முடியாது என்றார். கம்பெனி மேலாளரோ ஆணையம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். ஆணையத்தின் வக்கீல் நெடுநேரம் விளக்கினார். கேட்கக் கேட்க முன்பு தெரிந்ததும் மறந்துபோயிற்று.

விசாரணையன்று அவளை மாநிலத் தலைநகர் சாந்தா ஃபேக்கு அழைத்துப்போவதாகச் சொன்ன விட்கம் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். கணவாயில் பனி கொட்டிக் கிடந்தது. ஃபிதென்சியோ தானும் அங்கேதான் போவதாகச் சொல்லி அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பாதி மலை இறங்கிய பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"ஆமா, நீ எதுக்குடா அங்க வர்ற?"

"ஒன் ஆணையத்த இழுத்து மூடச் சொல்லத்தான்."

"அதுக்கு என்னையுமா ஏத்திக்கிட்டுப் போற?"

"பனியில தனியா ஓட்டி நீ பள்ளத்துல விழுந்தா, பெரியம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

கோபப்படுவதா, சிரிப்பதா என்று புரியாமல், கட்டி வந்த உருளைக்கிழங்கை ரொட்டியில் சுருட்டிய புரிட்டோவில் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

குழுவின் முன் ஃபிதென்சியோ முதலில் பேசினான். கேட்டால் பதில் சொல்லாத ஆணையம் எதற்கு என்றான். பிறகு ஒர்லிந்தாவின் முறை. மரபு, சுற்றுலா, வேலைவாய்ப்பு என்று விட்கம் சொல்லிக்கொடுத்திருந்ததைத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம் தாண்டவில்லை, நின்றுவிட்டாள்.

"இவன் சொல்றது நெசந்தாங்க," என்றாள். "இவன் கேட்டான். எங்களுக்குத் தெரியல."

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஆணையம் வேண்டாங்கிறீங்களா?"

"தெரியலங்க."

"இருக்கணுங்கிறீங்களா?"

"இதுவும் இல்லன்னா இவன் எங்க போயி கேப்பான்? அதுவும் தெரியலங்க."

பின்வரிசையில் ஃபிதென்சியோ எழுந்துவிட்டான். "அக்காவ ஏம்மா போட்டுக் குடையிறீங்க? இத்தன பேர்ல என்னப் பேச விட்டது இவ ஒருத்திதான்." மூட வேண்டுமா, வேண்டாமா என்று அவனையே தலைவி கேட்டார். மூடத்தான் வேண்டும், ஆனால் அக்கா இருக்கட்டும் என்றான். குழுவில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

கலைக்கும் தீர்மானத்தைத் தள்ளிவைக்கும் திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தது. கைகள் உயர்ந்தன, இறங்கின. சந்தோஷப்படலாமா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆணையத்துக்கு இரண்டு வருஷம் நீட்டிப்பு. தண்டவாளத்தை ஒட்டி நிலம் உள்ளவர் ஒருவரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும்.

திரும்பும்போது வண்டி கணவாயை ஏறிக் கடந்தது. பிறகு அவன் கேட்டான்: "யாருக்கா ஜெயிச்சது?"

"நீயாத்தான் இருக்கும்."

"நான் மூடச் சொன்னேனே."

வசந்தத்தில் அந்தப் புது இடத்துக்கு ஃபிதென்சியோவையே நியமித்தார்கள். கொட்டகையை அதற்குள் உறவுக்காரர்களை வைத்து அவனே கட்டி முடித்திருந்தான். பழையது எரிந்ததற்கு யார் பொறுப்பு என்பது கடைசிவரை முடிவாகவில்லை. முதல் கூட்டத்தில் அவன் அதைப் பற்றிப் பேசவுமில்லை. காய்ந்த மாதங்களில் ரயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு சின்ன மோட்டார் வண்டி தண்டவாளத்தில் வர வேண்டும் என்று முன்மொழிந்தான். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றார் கம்பெனி மேலாளர். அப்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்று ஆராய வேண்டும் என்றார் வக்கீல். வழிமொழிய யாராவது உண்டா என்று கேட்டார் விட்கம்.

"வழிமொழியறேன்," என்றாள் ஒர்லிந்தா. அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மேலாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு, சரி, செய்கிறோம் என்றார்.

ஜூனில் அந்த வண்டி வந்தது. ரயில் கடந்துபோன பின், வளைவில் புகைந்த புல்லின் மீது இரண்டு பேர் நிதானமாகத் தண்ணீர் பீய்ச்சினார்கள். குழம்புக் கரண்டியோடு வாசலில் நின்று அவள் பார்த்தாள். அந்த உத்தரவைப் போட அவர்களுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா என்று வக்கீல் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.