தங்கை தட்டில் விழுந்த பயறு

இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்பார்கள். எங்கள் வீட்டில் சோறு போட்டது என்னைப் பெற்ற அம்மாதான். அப்படியும் அந்தப் பங்குனி மாதம் முழுக்கத் தட்டாம்பயறெல்லாம் என் தங்கையின் தட்டில்தான் விழுந்தது. எனக்கு வெறும் புளிக்குழம்பும் இரண்டு கத்திரிக்காய்த் துண்டும்.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து. மல்லாங்கிணற்றில் எங்கள் புஞ்சையில் விளைந்த பயறு அது. நெற்றைக் காயப்போட்டு, உரித்து, சொத்தை பொறுக்கியவள் நான். அவளோ பயற்றின் கறுப்புப் பொட்டைக் காட்டி, கண் முழிக்கிறது என்று சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த மகாராணிக்குத்தான் அம்மா அகப்பையைச் சட்டியின் அடிவரை விட்டு அள்ளுவாள். எனக்கு வயிறு பற்றி எரியும்.

“அவளுக்கு மட்டும் எதுக்கு அம்புட்டு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நீ இங்கனதானடி இருக்கப் போற. பேசாமச் சாப்பிடு,” என்றாள் அம்மா.

இது ஒரு பதிலா? அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கலிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். எல்லோரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்படிக்குள் போய், சட்டியை அரித்துப் பயறு முழுவதையும் தின்றுவிட்டேன். அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. சட்டியைத் துழாவித் துழாவி, அகப்பட்ட நாலைந்து பயற்றைப் பிசைந்து தங்கைக்கு ஊட்டினாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம், பிள்ளையில்லாத பெரியம்மா தங்கையைத் தன் மகளாகவே கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒரு மாதத்துக்கு முன்பே பெரியவர்கள் பேசி முடித்த காரியமாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சந்தோஷமாகத்தான் வழியனுப்பியிருப்பேன். பீடை ஒழிந்தது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி மாதம் இருக்கன்குடிக் கோயிலில் அவர்களைப் பார்த்தோம். தங்கை புதுக் கவுன் போட்டுக்கொண்டு பெரியம்மாவின் விரலைப் பிடித்து நின்றாள். பெரியம்மா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். அவள் நிமிர்ந்து எங்கள் அம்மாவைப் பார்த்தாள்.

“சித்தி, நல்லா இருக்கீகளா?”

“நல்லா இருக்கேன் தாயி,” என்றாள் அம்மா.

எனக்கு ஏக குஷி. இனி அம்மா எனக்கு மட்டும்தான். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.