கிராணியின் ஸ்கல்டகரி

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நடராஜாவைவிட ஆங்கிலம் தெரிந்தவர் இல்லையென்று எல்லோரும் நம்பினார்கள். முதலில் நம்பியவர் அவரேதான். 1984இல் தோட்டத்தின் புது வீடுகளுக்கு அவர் சீட்டுக் குலுக்கியபோது, ஏழு வீடும் அவருடைய மச்சினன்மாருக்கே விழுந்தன. ‘கிராணியின் ஸ்கல்டகரி விசாரிக்கப்படும்’ என்று மானேஜர் ஆங்கிலத்தில் எழுதிப் பலகையில் ஒட்டினார்.

“ஸ்கல்னா மண்டையோடு, டக்னா தோண்டுனது. யாரோ சுடுகாட்டத் தோண்டுறானாம். கிராணிதான் விசாரிக்கணுமாம்” என்றார் நடராஜா. பால்மரம் வெட்டுகிறவர்கள் ஒரு வாரம் சுடுகாட்டுக்குக் காவல் நின்றார்கள்.

பட்டணத்தில் டைப்பிஸ்டாக இருந்த தோட்டத்துப் பெண் திலகம் ஞாயிற்றுக்கிழமை அகராதியோடு வந்தாள். “மண்டையோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. தில்லுமுல்லுன்னு அர்த்தம். ஸ்காட்லாந்து வார்த்தை. அங்க மொதல்ல கள்ளத் தொடர்பத்தான் இப்படிச் சொன்னாங்களாம்.”

பலகை முன்னால் கூடிய கூட்டத்தில் நின்ற கிராணியின் மனைவி இராஜம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “மானேஜர் எந்த அர்த்தத்துல எழுதியிருக்காரு?”

நடராஜா பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினார். “தில்லுமுல்லு மட்டுந்தான் லா, சத்தியமா. எல்லாச் சீட்டுலயும் உன் தம்பிங்க பேரத்தான் எழுதிப் போட்டேன்” என்றார், தோட்டமே கேட்க.

மறுநாளே மச்சினன்மார் வீடுகளைக் காலி செய்தார்கள். இராஜம்மா மட்டும் நிம்மதியாக இருந்தாள்.