அத்தாவின் பங்கு

போன வாரம் நடந்தது, வரிசையாக:

1. பர்வீன் வீட்டுக்குப் போனேன். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) வயது பதினைந்து. எடை, இருக்க வேண்டியதைவிட இருபது கிலோ கூடுதல்.

2. மூன்று நாள் சாப்பிட்டதை அவளே எழுதிய படிவத்தை வாங்கினேன். சிப்ஸ் – மூன்று பாக்கெட்.

3. காலி பாக்கெட்டுகளைப் போட்டு வைக்கச் சொல்லியிருந்த பையையும் வாங்கி எண்ணினேன். ஆறு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு – என் வேலை உணவு வேதியியல். உருளைக்கிழங்கை அதிகச் சூட்டில் பொரித்தால் அக்ரிலமைடு என்றொரு வேண்டாத பொருள் உண்டாகும். எடை கூடிய பிள்ளைகளின் உடம்புக்குள் அது எவ்வளவு போகிறது என்று தஞ்சாவூர்ப் பக்கம் அளக்கிறோம். படிவம் பொய் சொல்லும். பாக்கெட் சொல்லாது. அதனால்தான் பை.

"மீதி மூணு யாரோடது பர்வீன்?"

"அத்தாவோடது."

அத்தா என்றால் அப்பா. அவர் சவூதியில் இருக்கும் தம்மாமுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"அங்கேருந்து எப்படிம்மா சாப்பிட்டாரு?"

"அஞ்சரைக்கு வீடியோ கால்ல வருவாரு அக்கா. அவருக்கு அப்பதான் டீ டைம். எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு பிரிச்சு வைப்பேன். ஊர்ல இருந்தப்பவும் அப்படித்தான்."

"கால் முடிஞ்சதும்?"

"வீணாக்கக் கூடாதுல்ல..."

அவள் பொய் எழுதவில்லை. அவள் கணக்கில் அது உண்மையாகவே அத்தாவின் பங்கு!

"ஆறுன்னு எழுதப் போறீங்களா? அத்தாவுக்குத் தெரிஞ்சா சிப்ஸே வேணாம்னுடுவாரு. பாக்கெட் இல்லேன்னா என்ன பேசறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது அக்கா."

படிவத்தில் இருப்பதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் ஆறு என்றுதான் எழுதினேன். உடம்புக்குப் பங்கு பிரிக்கத் தெரியாதே.

தஞ்சாவூரில் என் அறைக்குத் திரும்பி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். லேப்டாப்பில் ஏதோ ஒரு வீடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடும்போது யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். யார் என்பது முக்கியமில்லை.

சனிக்கிழமை பர்வீனே போன் செய்தாள்.

"அத்தாகிட்ட நானே சொல்லிட்டேன் அக்கா."

"என்ன சொன்னாரு?"

"'அப்ப இத்தனை நாளா என்னைப் பட்டினி போட்டுட்டு நீயே தின்னியா'ன்னு சிரிச்சாரு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. ஆனா கட் பண்ணலை. இனிமே அவருக்குக் கொய்யாதானாம்."

"உனக்கு?"

"எனக்கும்தான். அவரோடதையும் நான்தானே தின்னணும்!"

படிவத்தில் கடைசியாக நான் நிரப்ப வேண்டிய ஒரு கேள்வி உண்டு. 'யாருடன் சாப்பிட்டீர்கள்?' அதற்கு இரண்டே கட்டங்கள் – தனியாக, குடும்பத்துடன். என் இட்லிக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் கட்டம். பர்வீனுக்கு?

இப்போதைய நிலவரம்: பாக்கெட் ஆறு என்று ஏற்றிவிட்டேன். கடைசிக் கேள்விக்கு ஏதாவது ஒன்றைத் தொடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக விடாது. இரண்டு நாளாக அதே பக்கத்தில் இருக்கிறேன்.