ஐசபெல் கொடுத்த வாக்கு

ஆல்டர்பர்ன் பள்ளத்தாக்கில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்போடு நிறுத்திக்கொள்ளும் என்று ஐசபெல் ஹெட்லிக்குத் தெரியும். தபால் துறையின் சிவப்பு வேனில், ஆற்றங்கரைப் பாலத்தில் தொடங்கி மேட்டின் கடைசி ஆட்டுப்பண்ணை வரை போய்த் திரும்புவதுதான் அவள் வேலை. இங்கிலாந்தின் வடக்கு ஓரம். தாண்டினால் ஸ்காட்லாந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வந்தவன் எல்லாம் ஆட்டு விலையையே பேசினான், தூக்கம் வந்துடுச்சு" என்பாள்.

தேவாலயத்து மாத இதழின் கடைசிப் பக்கம் அவளுடையது. வசந்தத்தின் முதல் தகைவிலான் குருவி யார் வீட்டுக் கொட்டகைக்கு வந்தது, குயில் எந்தத் தோப்பில் கூவியது, ஆள்காட்டிக் குருவிகள் எந்த வயலில் முட்டை வைத்திருக்கின்றன என்று எழுதுவாள். டிராக்டர்காரர்கள் அதைப் படித்துவிட்டு அந்த மூலையை உழாமல் விடுவார்கள். வேனை வழிமறித்துச் சேதி சொல்கிறவர்களும் உண்டு. "ஏ ஐசபெல், நம்ம குளத்துல ஒரு நாரை நிக்கறான், பாதிரியார் பிரசங்கத்தை மறந்துட்டு நிப்பாரே, அதே மாதிரி." சொன்னவர் பெயரோடு அது அடுத்த இதழில் வந்துவிடும். ஊரில் பலரும் முதலில் சாவுச் செய்தியைப் படிப்பார்கள், அடுத்து அவள் பக்கத்தை.

எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. ப்ளாக்லா என்ற ஊசியிலைக் காட்டின் நடுவே ஒரு ஜோடி பெரிய வல்லூறுகள் கூடு கட்டியிருந்தன. முட்டை திருடுகிறவர்களும், வல்லூறைக் கண்டாலே துப்பாக்கியைத் தூக்குகிறவர்களும் இருக்கிற நாடு அது. அந்தக் காட்டுக்குள் யாரும் போவதில்லை, மரம் வெட்டுகிறவர்கள்கூட இன்னும் பல வருஷத்துக்கு வரமாட்டார்கள் என்பதுதான் கூட்டுக்குக் காவல். அந்த இடத்தை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

அவர் க்ளைவ் ஆர்மிட்டேஜ். லீட்ஸ் நகரத்தில் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியோடு இங்கே வந்து குடியேறியவர். வந்த இரண்டாம் குளிர்காலத்திலேயே மனைவி இறந்துபோனாள். திரைச்சீலையைக்கூட விலக்காமல் வீட்டுக்குள் கிடந்த மனுஷனை, "எழுந்து வாங்க, ஆந்தை காட்டறேன்" என்று இழுத்துக்கொண்டு போனவள் ஐசபெல்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் தொலைநோக்கியும் சாண்ட்விச்சுமாய்ப் புல்மேட்டில்தான். ஊர் ஜாடை பேசியது. அவள் சட்டை செய்யவில்லை. அப்படி எதுவும் இல்லை. ஆனால் வாய் திறக்காமல் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்காரக் கூடிய ஆள் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

லின்க்ஸ் பேச்சு வந்தது அப்போதுதான். காதுநுனியில் கறுப்பு மயிர்க்கொத்து வைத்த பெரிய காட்டுப்பூனை. இந்த மண்ணில் ஒரு காலத்தில் இருந்தது, மனிதர்கள் கொன்று தீர்த்தார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர ஓர் அமைப்பு கிளம்பியிருந்தது. க்ளைவ் அதில் சேர்ந்தார்.

"நான் போய்க் கதவைத் தட்டினா டீகூடக் குடுக்க மாட்டாங்க" என்றார் அவளிடம். "நீ சொன்னா கேப்பாங்க."

"எனக்கே அது சரியா தப்பான்னு தெரியல. நான் போய் என்னத்தைச் சொல்ல?"

"கூட்டத்துக்கு வாங்கன்னு மட்டும் சொல்லு. ஊர் வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டோம். இது என் வாக்கு."

அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அப்படியொரு மிருகம் தான் பிறந்த பள்ளத்தாக்கில் நடமாடினால் எப்படி இருக்கும் என்று வேன் ஓட்டும்போது நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஆட்டுக்காரர்களின் பயமும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் போனாள். ஆசை ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் என்றால், ஊரைக் கூட்டிக் கேட்பதுதானே முறை?

கடைசிப் பண்ணை நெட் மில்பர்னுடையது. நெட் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சேதியைக் கேட்டதும் சிரித்தான்.

"பூனை விடப் போறாங்களா? ஏன், ஊர்ல எலி ஜாஸ்தியாயிடுச்சா?"

"கிண்டல் பண்ணாதே நெட்."

"கிண்டலா? குட்டி போடற மாசத்துல சோறு தண்ணி இல்லாம, ஆட்டுக்குப் பின்னால கையை விட்டுக்கிட்டு மழையில நிக்கறவன் நான். லண்டன்ல எவனோ ஆசைப்பட்டான்னு அந்தக் குட்டியைப் பூனைக்குப் படைக்கணுமா?"

"இதையே கூட்டத்துல வந்து சொல்லு. ஊர் வேண்டாம்னா விடமாட்டாங்க."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

நெட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவன் மனைவி ஃப்ளோரா அடுப்படியிலிருந்து, "ஐசபெல் சொன்னா போய்ட்டு வாயேன், குடியா முழுகிடும்?" என்றாள்.

"சரி. உனக்காக வர்றேன். அவங்களுக்காக இல்ல" என்றான் நெட்.

இலையுதிர்காலத்தில் ஊர் மன்றத்தில் கூட்டம் நடந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அமைப்பிலிருந்து வந்த பெண் படம் போட்டுக் காட்டினாள். நெட் எழுந்து ஐசபெலிடம் சொன்னதையே சொன்னான், கொஞ்சம் நாகரிகமாக. கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்ற பக்கம்தான் அதிகம். க்ளைவ் எழுந்து, "கேட்டோம், பதில் கிடைச்சுது. பொறுமையாக் கேட்டதுக்கு நன்றி" என்றார். நெட் தானாகவே போய் அவர் கையைக் குலுக்கினான். மிஞ்சிய சீஸ் ஸ்கோன் ரொட்டிகளை ஃப்ளோரா ஒரு துணியில் கட்டி, "தனியா இருக்கீங்க, எடுத்துட்டுப் போங்க" என்று அவரிடம் கொடுத்தாள். தோற்ற மனுஷன் எவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்கிறார் என்று ஐசபெலுக்குப் பெருமையாக இருந்தது.

குளிர்காலம் வந்தது. பனி விழுந்து பாதை அடைபட்டு, மறுபடி திறந்த ஒரு காலையில் அவள் ப்ளாக்லாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். காட்டுக்கு மேலே அண்டங்காக்கைகள் வட்டமடித்தன. உள்ளே ஜே பறவைகள் தொண்டை கிழியக் கத்தின. வல்லூறு எதையோ அடித்திருக்கும் என்று நினைத்து வேனை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தாள்.

ஒரு சிறு மான் செத்துக் கிடந்தது. எதுவோ அதன் தொடைப்பக்கத்தை மட்டும் தின்றிருந்தது. மிச்ச உடம்பின் மேல் பனியும் காய்ந்த புல்லும் இழுத்து மூடியிருந்தன, யாரோ போர்வை போர்த்தினாற்போல. நரி இப்படிச் செய்யாது. நாயும் செய்யாது. நிமிர்ந்து பார்த்தாள்.

விழுந்து கிடந்த மரத்தின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பனியில் நனைந்த வைக்கோல் நிறம். கன்னத்தில் தாடி போல் மயிர். மஞ்சள் கண்ணால் அவளையே பார்த்தது. ஓடவில்லை. காட்டு மிருகம் ஏன் ஓடவில்லை என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் நின்றாள். அது மெல்ல இறங்கி மரங்களுக்குள் போனது.

கொடுக்க வேண்டிய கடிதங்கள் வேனிலேயே கிடக்க, அவள் நேராக க்ளைவ் வீட்டுக்கு ஓட்டினாள். எங்கிருந்தோ தப்பி வந்திருக்கும், இல்லை ஏதோ அதிசயம். எதுவானாலும் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"க்ளைவ்! லின்க்ஸ்! ப்ளாக்லாவுல! என் கண்ணால பாத்தேன்!"

அவர் தட்டைத் துடைத்தபடியே கேட்டார். "ஒண்ணா, ரெண்டா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு இருக்கா?"

க்ளைவ் தட்டைக் கீழே வைத்தார். "உக்காரு ஐசபெல்."

"நான் நிக்கறேன். நீங்க சொல்லுங்க."

"நாலு பேர் சேர்ந்து செஞ்சோம். அமைப்புக்குத் தெரியாது. சட்டப்படி அனுமதி வாங்கணும்னா நாம செத்த பிறகுதான் கிடைக்கும்."

"கூட்டத்துக்கு அப்புறம் எடுத்த முடிவா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மிருகத்துக்கு ஏற்பாடு முன்னாடியே ஆயிடுச்சு."

"அப்ப நான் வீடு வீடாப் போய் வாக்குக் குடுத்தேனே?"

"அது வீண்னு நான் சொல்லலையே. ஊர் சரின்னு சொல்லியிருந்தா எல்லாருக்கும் நல்லதா இருந்திருக்கும்."

"ப்ளாக்லாவுல ஏன் விட்டீங்க?"

"அங்க யாரும் போக மாட்டாங்கன்னு நீதானே சொன்னே."

"வல்லூறுக் கூட்டுக்காகச் சொன்னேன்! உங்களை நம்பிச் சொன்னேன்!"

அவர் கிட்டே வந்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார். "நீயும் ஆசைப்பட்டவதானே? உள்ள வந்தப்ப உன் முகத்தைப் பாத்தேனே. உண்மையைச் சொல்லு, சந்தோஷமா இல்லையா?"

அதுதான் அவளை வெட்டிப் போட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் வாழ்நாளில் அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தையும் அவர் ஏற்கெனவே கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். வெளியே வந்து வேனை மேட்டுக்கு ஓட்டினாள்.

நெட் பண்ணை முற்றத்தில் ஆடுகளுக்குத் தீனி கொட்டிக்கொண்டிருந்தான். ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கையில் வாளியோடு கேட்டான்.

"எப்ப பாத்தே?"

"இன்னிக்குக் காலையிலதான்."

"பாத்துட்டு முதல்ல யாருகிட்ட போனே?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "க்ளைவ்கிட்ட."

"அந்தக் காட்டை அவனுக்குக் காட்டினது யாரு?"

"நெட், சத்தியமா எனக்கு..."

"எங்களையெல்லாம் கூட்டத்துல உக்கார வெச்சு வேடிக்கை காட்டினது யாரு?" அவன் குரல் உயரவே இல்லை. வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. ஆடு வெளிய வந்துடும்."

அவளே போலீசுக்கும் சொன்னாள். அவர்கள் க்ளைவிடம் விசாரித்தார்கள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். "ப்ளாக்லாவுக்கு உள்ளே வழி தெரிந்த ஆள் இந்த ஊரில் ஒருத்திதான், அவளையே கேளுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். சாட்சி எதுவும் இல்லாமல் விசாரணை அப்படியே நின்றது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் ஊர் முழுக்கப் பரவியது.

மிருகக்காட்சிசாலையிலிருந்து ஆட்கள் வந்து இறைச்சி வைத்து இரண்டையும் கூண்டில் பிடித்தார்கள். பிடிப்பதில் சிரமமே இல்லை. மனிதர் கையால் தின்று வளர்ந்தவை, ஆளைக் கண்டால் சாப்பாடு என்று நினைக்கிறவை. எலும்பு தெரிய மெலிந்திருந்தன. ஒன்று பிழைத்தது, ஒன்று கூண்டிலேயே செத்தது. அன்று மரத்தின் மேலிருந்து அது தன்னைப் பார்த்தது எதற்காக என்று ஐசபெலுக்கு அப்போது புரிந்தது. தீனி கொண்டுவந்திருக்கிறாளா என்று பார்த்தது. வேறொன்றும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, நேரில் பார்த்தவர் நீங்கள்தானே, எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "பனியில சரியாத் தெரியல" என்று சொல்லிக் கதவை மூடினாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, "குளிரா இருக்கு" என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். காட்டோரம் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. நாய் கடித்ததா, லின்க்ஸா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் பழி அவள் கணக்கில் ஏறியது. குளத்தில் எந்தப் பறவை நிற்கிறது என்று சொல்ல ஒருவரும் வேனை நிறுத்தவில்லை. இதழின் கடைசிப் பக்கத்துக்குத் தான் பார்த்ததை மட்டும் எழுதி அனுப்பினாள். இந்த மாதம் இடமில்லை என்றார் பாதிரியாரின் மனைவி. அடுத்த மாதமும் அதையே சொன்னார். பிறகு அவள் அனுப்பவில்லை. க்ளைவ் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போனார். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு, வேறொரு மாவட்டத்தில் ஒரு மூடிய வண்டியில் லின்க்ஸோடு ஓர் ஆள் பிடிபட்டான். விசாரணையில் ஆல்டர்பர்ன் விஷயத்தையும் கக்கிவிட்டான். "அந்தத் தபால்காரம்மாவுக்கு எதுவுமே தெரியாது. தெரிஞ்சா அவ ஊரைக் கூட்டிடுவான்னு பல் டாக்டர்தான் சொன்னார்" என்று அவன் சொன்னது அப்படியே செய்தித்தாளில் வந்தது.

அன்று மாலை நெட் வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தான். படியேறாமல் தூறலில் நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன் ஐசபெல்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அஞ்சு வயசுலேருந்து உனக்கு என்னைத் தெரியும்" என்றாள். "நான் உன் முற்றத்துல நின்னு சொன்னேன், நம்பல. வண்டியில பூனையை ஒளிச்சுக் கொண்டுவந்த திருடன் சொன்னதும் நம்பிட்டே."

"உனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதுன்னு ஃப்ளோரா அப்பவே சொன்னா" என்றான் நெட். "நான்தான் கேக்கல. இப்ப என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சொல்லணும்னு வந்தே, சொல்லிட்டே. நனையாதே, வீட்டுக்குப் போ."

இப்போதும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மழையைப் பற்றி, பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்த பள்ளத்தைப் பற்றி, வைக்கோல் விலையைப் பற்றி. நெட் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பேசத்தான் பார்க்கிறான். அவள் வேன் என்ஜினை அணைப்பதே இல்லை.